இரைச்சல் பெருகும் புதிய அலுவலகங்கள்: தரைவிரிப்பு மட்டும் போதுமா?

அம்பாறை மாவட்டத்தின் கரையோர நகரங்கள் கடந்த இரு தசாப்தங்களில் அடையாளம் காண முடியாத அளவுக்கு மாறியுள்ளன. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வங்கிக் கிளைகளும் நிதி நிறுவனங்களும் காப்புறுதி அலுவலகங்களும் அரச செயலகங்களும் மாடிகளாக எழுந்து நிற்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் பெரும் உயிரிழப்பையும் உடைமையிழப்பையும் சந்தித்த ஒரு கரையோரம் இவ்வாறு மீண்டெழுந்திருப்பது பெருமைக்குரியதே.

ஆனால் இப்புதிய கட்டடங்களுக்குள் நுழைந்து சேவை பெறும் எவரும் ஒரு குறையை உணராமல் இருக்க முடியாது. அங்கு இரைச்சல் அதிகம். கண்ணாடி முகப்பு, பளபளக்கும் தரையோடு, வெறும் கொங்கிறீட் கூரை, இடையில் சுவரில்லாத ஒரே மண்டபம், அதற்குள் இருபது முப்பது மேசைகள் என்பதே இன்றைய அலுவலக அமைப்பாகிவிட்டது. ஒருவரின் தொலைபேசி உரையாடல் மற்றொருவரின் கணக்கைக் குழப்புகிறது. நாற்காலியை இழுக்கும் ஓசை மண்டபம் முழுவதும் பரவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தனது கடன் நிலுவையையோ குடும்பப் பிணக்கையோ நோயையோ உத்தியோகத்தரிடம் எடுத்துச் சொல்லும் பொதுமகனின் குரல், வரிசையில் காத்திருக்கும் அயலவர் காதிலும் விழுகிறது. சிறிய ஊர்களில் இது அற்ப விடயமன்று. மானத்தோடு சம்பந்தப்பட்ட விடயம்.

இதற்குப் பரிகாரமாகப் பலரும் முதலில் நினைப்பது தரைவிரிப்பு. எமது பகுதியில் 'காபட்' என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது காபட் வீதிதான் என்றாலும், அலுவலக உட்புற அலங்காரத் தொழிலில் அச்சொல் நைலோன் விரிப்பையே குறிக்கிறது. 'சுற்றாடலுக்கு உகந்தது', 'இரைச்சலைக் குறைப்பது' என்ற விளம்பரங்களுடன் அது சந்தைக்கு வருகிறது. இவ்விரண்டு கூற்றுக்களும் எந்தளவுக்கு உண்மை, எமது வெப்பமும் ஈரப்பதனும் மணலும் நிறைந்த கரையோரத்துக்கு அது பொருந்துமா, எமது கைவசமுள்ள பொருட்களால் அதே பணியைச் செய்ய முடியாதா என்பவற்றை ஆராய்வது பயனுள்ளதாகும்.

திறந்த மண்டபம் வந்த கதை

சுவரில்லாத அலுவலகம் என்ற சிந்தனைக்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர்கள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரையொட்டிய குயிக்போர்ன் என்ற ஊரில் இயங்கிய ஷ்னெல்லே சகோதரர்களின் ஆலோசனைக் குழுவினராவர். 1950களின் இறுதியில் அவர்கள் அறிமுகப்படுத்திய முறை 'அலுவலக நிலக்காட்சி' எனப் பெயர் பெற்றது. பணியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிப் பணியாற்ற வேண்டும், அதிகாரியும் எழுதுவினைஞரும் ஒரே கூரையின் கீழ் அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், சுவர்களை அகற்றிய அவர்கள் தரை முழுவதும் விரிப்பு இட்டனர். செடிகளையும் திரைத் தட்டிகளையும் வைத்தனர். சுவர் இல்லாத இடத்தில் ஓசையைக் கட்டுப்படுத்த வேறு ஏற்பாடு தேவை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில் இம்முறை உலகெங்கும் பரவியபோது, அதன் சிக்கனமான பகுதி மட்டுமே பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. சுவர் எழுப்பும் செலவு மிச்சமாயிற்று. ஓசைக்கான ஏற்பாடு கைவிடப்பட்டது. அதன் விளைவுகள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், அலுவலகப் பணி செய்யும் 40 பெண்கள் மூன்று மணி நேரம் பரிசோதிக்கப்பட்டனர். காதைப் பாதிக்காத மிதமான அலுவலக இரைச்சலில் இருந்தவர்களுக்கு மன அழுத்தத்தின் அறிகுறியான அட்ரினலின் சுரப்பு உயர்ந்திருந்தது. அதன்பின் கொடுக்கப்பட்ட புதிர்களைத் தீர்க்கும் முயற்சியை அவர்கள் விரைவில் கைவிட்டனர். 2018இல் ஹாவாட் ஆய்வாளர்கள் இரு பெரு நிறுவனங்களில் மேற்கொண்ட ஆய்வில், தடுப்புகளை நீக்கித் திறந்த மண்டபமாக மாற்றிய பின்னர் நேருக்கு நேரான உரையாடல் ஏறக்குறைய 70 சதவீதம் வீழ்ச்சியடைந்தமை தெரியவந்தது. கலந்து பேசுவதற்காகச் சுவர்களை நீக்கினால், மனிதர்கள் காதை அடைத்துக்கொண்டு கணினிக்குள் ஒதுங்கிவிடுகின்றனர்.

திறந்த யன்னலே முதல் அளவுகோல்

அறையொன்றில் ஓசை ஏன் தங்கி நிற்கிறது என்பதை முதன்முதலில் அறிவியல் ரீதியாக அளந்தவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிகவியல் ஆசிரியரான வொலஸ் சபைன். 1895ஆம் ஆண்டில், அப்பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேசுவது எதுவும் விளங்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. சொல்லொன்றை உச்சரித்தால் அதன் எதிரொலி ஐந்து செக்கனுக்கும் மேல் நீடித்தது. சபைன் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு வேளைகளில் சுமந்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாக மண்டபத்தில் அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஓசை மறைய எடுக்கும் நேரத்தை அளந்தார். அறையின் கனவளவு பெரிதாக இருந்தால் ஓசை நீடிக்கும்; ஓசையை உறிஞ்சும் பரப்பு அதிகரித்தால் அது விரைவில் அடங்கும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. இன்றும் கட்டடப் பொறியியலாளர்கள் அவ்விதியையே முதலில் பயன்படுத்துகின்றனர்.

சபைன் தமது அளவீட்டுக்கு எடுத்துக்கொண்ட அலகு சுவாரசியமானது. அது திறந்த யன்னல். திறந்த யன்னலின் மீது விழும் ஓசை முழுவதும் வெளியேறிவிடும், திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர அலகு திறந்த யன்னலே முழுமையான உறிஞ்சி எனக் கொள்ளப்பட்டது. மற்றப் பொருட்கள் அதில் எத்தனை பங்கு எனக் கணக்கிடப்பட்டன.

இவ்வுண்மையை எமது ஊர்களுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகும். ஓட்டுக்கூரையும் விறாந்தையும் அகன்ற யன்னல்களும் கொண்ட பழைய காரியாலயங்களில் விரிப்பு எதுவும் இருக்கவில்லை. ஆயினும் அங்கு எதிரொலி குறைவு. ஓசைக்கு வெளியேற வழி இருந்தது. புதிய கட்டடங்களில் குளிரூட்டிக்காக யன்னல்களை நிரந்தரமாக மூடினோம். சீமெந்துத் தரைக்கு மேல் தரையோடு பதித்தோம். ஓட்டின் இடத்தில் கொங்கிறீட் தட்டு வந்தது. ஓசை வெளியேறும் வழிகளை ஒவ்வொன்றாக நாமே அடைத்துவிட்டோம். யன்னல்களை மீண்டும் திறந்தால் நெடுஞ்சாலை வாகனங்களின் ஒலிப்பான் உள்ளே வரும் என்பது உண்மைதான். ஆகவே மூடிய யன்னல் செய்துவந்த பணியை வேறொரு பொருள் செய்ய வேண்டியுள்ளது.

கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணமாக, 12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட அலுவலக மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவு 288 கன மீற்றர். தரையும் கூரையும் தலா 96 சதுர மீற்றர். சுவர்கள் 120 சதுர மீற்றர். தரையோடு, கொங்கிறீட், பூச்சுச் சுவர் ஆகியவை தம்மீது விழும் ஓசையில் ஏறக்குறைய 2 சதவீதத்தையே உறிஞ்சும். மீதி 98 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். ஆகவே இவ்வளவு பெரிய மண்டபத்தின் மேற்பரப்புகள் எல்லாம் சேர்ந்தும் 6 சதுர மீற்றர் திறந்த யன்னலுக்குத்தான் சமம். ஆட்களும் தளபாடங்களும் மேலும் 10 சதுர மீற்றர் அளவுக்கு உறிஞ்சுகின்றன எனக் கொண்டால், சபைனின் விதிப்படி ஓசை முற்றாக அடங்க ஏறத்தாழ 2.9 செக்கன் ஆகும். ஒருவர் ஒரு வாக்கியத்தை முடித்த பின்னரும் அதன் முதற்சொல் மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இத்தகைய அலுவலகங்களுக்கு அரை செக்கனுக்கும் முக்கால் செக்கனுக்கும் இடைப்பட்ட நேரமே பொருத்தமானது.

இப்போது தரை முழுவதும் கனமான விரிப்பு இடுவோம். கொங்கிறீட் மீது நேரடியாக இடப்படும் கனமான விரிப்பு, 500 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் 14 சதவீதமும், 1000 ஹேர்ட்ஸில் 37 சதவீதமும், 2000 ஹேர்ட்ஸில் 60 சதவீதமும் உறிஞ்சும் எனப் பாடநூல்கள் தரும் அட்டவணைகள் கூறுகின்றன. தாழ்ந்த ஓசைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏறக்குறைய 30 சதவீதம். இதனால் மண்டபத்தின் எதிரொலி நேரம் 2.9 செக்கனிலிருந்து 1.1 செக்கனாகக் குறையும். பொதுவான இரைச்சல் மட்டம் ஏறத்தாழ 4 டெசிபல் தாழும். இது கணிசமான முன்னேற்றமே.

ஆனால் அதே 96 சதுர மீற்றரைத் தரையில் அன்றிக் கூரையில், 60 சதவீதம் உறிஞ்சும் நுண்துளைத் தகடுகளால் மூடினால், நேரம் 0.6 செக்கனுக்கு இறங்கும். இரைச்சல் 6 டெசிபலுக்கு மேல் குறையும். அதாவது பேச்சொலியைப் பொறுத்தவரை முதற்கவனம் பெற வேண்டியது கூரை. தரையில் மேசைகளும் நாற்காலிகளும் பெட்டகங்களும் நின்று விரிப்பின் ஒரு பகுதியை மறைத்துவிடும். கூரைக்கு அத்தடை இல்லை.

அப்படியானால் தரைவிரிப்பு வீணா? அப்படியும் கூற முடியாது. கூரையால் செய்ய முடியாத ஒரு பணியை அது செய்கிறது. ஓசை பிறந்த பின் உறிஞ்சுவது கூரையின் வேலை. சில ஓசைகளைப் பிறக்கவிடாமலே தடுப்பது விரிப்பின் வேலை. காலடி ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை, பொருள் விழும் ஓசை ஆகியவை தரையில் பிறப்பவை. மாடிக் கட்டடத்தில் மேல்தளத்துக் காலடி ஓசை கீழ்த்தளத்துக்கு இறங்குவதை மெத்தென்ற விரிப்பு 20 டெசிபலுக்கும் மேல் குறைக்க வல்லது. எனவே நடைபாதைகளுக்கும் மேல்மாடிகளுக்கும் அது மிகப் பொருத்தமானது.

இன்னுமொரு நுணுக்கமும் உண்டு. எதிரொலியை மட்டும் குறைத்தால் தூரத்தில் பேசுபவரின் சொற்கள் முன்னரைவிடத் தெளிவாகக் கேட்கத் தொடங்கலாம். முன்பு இரைச்சலாக இருந்தது இப்போது உரையாடலாக விளங்கும். கவனத்தைச் சிதறடிப்பது விளங்காத இரைச்சலைவிட விளங்கும் பேச்சே. இதனாலேயே 2012இல் வெளியிடப்பட்ட ஐ.எஸ்.ஓ. 3382-3 என்ற சர்வதேச நியமம், திறந்த அலுவலகங்களை மதிப்பிடும்போது எதிரொலி நேரத்தோடு நில்லாமல், பேசுபவரிடமிருந்து எத்தனை மீற்றர் தள்ளிச் சென்றால் பேச்சின் தெளிவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்குகிறது என்பதையும் அளக்கச் சொல்கிறது. உறிஞ்சுவதோடு தடுக்கவும் வேண்டும். அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேல் உயரும் தட்டிகள், அந்தரங்க விடயங்களைப் பேசுவதற்கான ஒரு சிறிய மூடிய அறை ஆகியவை இல்லாமல் விரிப்பு மட்டும் பொதுமகனின் இரகசியத்தைக் காக்காது.

பள்ளிவாசலும் அலுவலகமும்

தரைவிரிப்பின் அமைதியை எமது மக்கள் நன்கு அறிவர். பள்ளிவாசலின் உயர்ந்த மண்டபத்தில் ஸப்புக்கு ஸப்பு விரிக்கப்பட்ட கம்பளம் காலடி ஓசையை விழுங்கிவிடுகிறது. அதே அமைதி அலுவலகத்திலும் கிடைக்கும் என எண்ணுவது இயல்பே. ஆனால் பள்ளிவாசலுக்குள் எவரும் பாதணியுடன் நுழைவதில்லை. கால் கழுவி வுழூச் செய்த பின்னரே நுழைகின்றனர். அலுவலகத்துக்கோ கடற்கரை மணலும் மழைக்காலச் சேறும் பாதணியோடு வருகின்றன. விரிப்பின் இழைகளுக்குள் புகும் மணல் அதனை உள்ளிருந்து அறுக்கும். புகும் ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும்.

ஈரப்பதன் நிறைந்த காற்றில் தூசு உண்ணிகள் பெருகுகின்றன. காற்றின் சார் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலே அவை வாழ்வது கடினம். எமது கரையோரத்தின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் அதற்கு வெகு மேலே உள்ளது. இரவில் குளிரூட்டி நிறுத்தப்பட்டதும் மூடிய அலுவலகத்தில் ஈரம் மீண்டும் ஏறுகிறது. ஆஸ்துமா நோயாளர்களுக்கு இது தீங்கானது. நாளாந்தம் உறிஞ்சி இயந்திரத்தால் சுத்திகரிக்கவும் வருடத்தில் சில தடவை முழுமையாகக் கழுவி உலர்த்தவும் ஏற்பாடு இல்லாத அலுவலகம் சுவரோடு சுவர் ஒட்டிய விரிப்பை இடாதிருப்பதே நன்று.

புதிய விரிப்பின் மணமும் கவனிக்கப்பட வேண்டியது. இழைகளைப் பிடித்து வைக்கும் செயற்கை இறப்பர்ப் பூச்சும் ஒட்டுப்பசையும் ஆவியாகும் இரசாயனங்களை வெளியிடும். 1980களின் இறுதியில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் வொஷிங்டன் தலைமையகத்திலேயே புதிய விரிப்பு இடப்பட்டபின் பணியாளர்கள் உடல்நலக் குறைவு பற்றி முறையிட்டமை அக்காலத்தில் பெரும் விவாதமாயிற்று. அதன் பின்னரே குறைந்த வாயு வெளியிடும் விரிப்புகளுக்குச் சான்றிதழ் வழங்கும் நடைமுறை அந்நாட்டுத் தொழிற்றுறையில் உருவானது.

'பசுமை விரிப்பு' என்பதன் பொருள்

விரிப்புத் தொழிலில் சுற்றாடல் அக்கறைக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் அமெரிக்காவின் இன்டர்பேஸ் நிறுவனத்தை 1973இல் தொடங்கிய ரே அண்டர்சன். நைலோன் பெற்றோலியத்திலிருந்து பிறப்பது. பயன்படுத்தித் தூக்கியெறிந்தால் உக்காதது. 1994இல் தமது தொழிலின் சூழல் கேட்டை உணர்ந்த அவர், 2020க்குள் அதனை இல்லாதொழிப்பது என்ற இலக்கை அறிவித்தார். அவர் 2011இல் காலமானார். ஒரே நீண்ட சுருளுக்குப் பதிலாகச் சதுரத் துண்டுகளாக விரிப்பை அமைப்பது அந்நிறுவனம் பரவலாக்கிய முறைகளில் ஒன்று. கறைபட்ட துண்டை மட்டும் மாற்றினால் போதும். முழு விரிப்பையும் வீச வேண்டியதில்லை.

மீனவர் வாழும் எமது கரையோரத்துக்கு அந்நிறுவனத்தின் மற்றொரு முயற்சி கூடுதல் அக்கறைக்குரியது. 2012இல் லண்டன் விலங்கியல் சங்கத்துடன் இணைந்து பிலிப்பைன்ஸின் கடலோரக் கிராமங்களில் கைவிடப்பட்ட நைலோன் மீன்பிடி வலைகளை மீனவக் குடும்பங்களிடமிருந்து விலைக்கு வாங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வலைகள் மீண்டும் நைலோன் நூலாக்கப்பட்டு விரிப்பாக நெய்யப்பட்டன. கடலில் கிடந்து மீனையும் ஆமையையும் கொல்லும் வலை, குடும்பத்துக்கு வருமானமாக மாறியது. எனினும் அத்தகைய மீள்சுழற்சிக்குப் பெரும் இரசாயன ஆலை தேவை. எம்மால் வலைகளைச் சேகரித்துக் கொடுக்க முடியுமே தவிர, இங்கேயே விரிப்பாக்குவது அண்மையில் சாத்தியமானதன்று.

ஆகவே ஒரு பொருளைப் 'பசுமை' என்று அழைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, அது தேய்ந்த பின் எங்கே போய்ச் சேரும் என்பதாகும். அம்பாறைக் கரையோரவாசிகளுக்கு இதற்கான விடை கண்முன்னே உள்ளது. எமது நகரங்களின் குப்பைகள் கொட்டப்படும் பள்ளக்காட்டு மேட்டில், பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்ட செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. தரம்பிரிக்கவும் மீள்சுழற்சி செய்யவும் வசதி குறைந்த ஒரு பிரதேசத்தில், பத்து வருடத்தில் தேய்ந்துவிடும் நைலோன் விரிப்பு வெளிநாட்டில் எத்தனை சான்றிதழ் பெற்றிருந்தாலும் இங்கு அது குப்பையே.

தும்பும் தறியும்

இனி எமது கைவசமுள்ளவற்றைப் பார்ப்போம். முதலாவது தென்னந்தும்பு. இலங்கை உலகின் முக்கிய தும்பு ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் தும்பாலைகளும் தென்மாகாணத்தின் மட்டை ஊறவைக்கும் குடும்பங்களும் இத்தொழிலின் தூண்கள். தும்பில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம் இருப்பதால் அது ஈரத்தில் எளிதில் அழுகாது. மணலில் விரைவில் தேயாது. கேரளத்தின் ஆலப்புழையில் 1859ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டாரா என்பவர் தும்பு விரிப்புத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஐரோப்பிய வீடுகளின் வாசல்களையும் நடைகளையும் இந்தியத் தும்பு நெடுங்காலமாக மூடியிருக்கிறது. இயற்கை இறப்பர்ப் பாலால் பிணைத்த தும்பு மெத்தையாகவும் விரிப்பின் அடித்தளமாகவும் பயன்படும். இறப்பரும் எமது நாட்டிலேயே விளைகிறது.

தும்பின் ஓசை உறிஞ்சும் தன்மையை மலேசியாவின் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ச்சியாக ஆராய்ந்துள்ளனர். உயர்ந்த அதிர்வெண்களில் அது நன்றாக உறிஞ்சுகிறது, தாழ்ந்த அதிர்வெண்களில் பலவீனமானது, பின்னால் காற்று இடைவெளி விட்டால் அப்பலவீனம் குறைகிறது என்பதே அவற்றின் சாரம். எனவே தும்புத் தகட்டைச் சுவரோடு ஒட்டாமல், சட்டமிட்டுச் சில அங்குலம் தள்ளிப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது மருதமுனைக் கைத்தறி. சாரமும் சேலையும் நெய்து நாடெங்கும் பெயர் பெற்ற இவ்வூரின் தறிகள் ஆழிப்பேரலையிலும் அடிபட்டன. விசைத்தறித் துணியின் மலிவிலும் அடிபட்டன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி நூலின் விலையாலும் அடிபட்டன. தும்புத் தகட்டை மூடுவதற்கு வேண்டிய துணிக்கு ஒரே நிபந்தனைதான் உண்டு: காற்று அதனூடாகப் புக வேண்டும். வாயை வைத்து ஊதினால் மறுபுறம் காற்று வருமானால் ஓசையும் உள்ளே புகும். நெருக்கமின்றி நெய்த பருத்திக் கைத்தறி இதற்கு மிக ஏற்றது. சட்டம், உள்ளே தும்பு, மேலே மருதமுனைத் துணி. கூரையிலும் சுவரிலும் பொருத்தக்கூடிய ஓசை உறிஞ்சும் தட்டி இதுவே. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான கைத்தறித் திரைச்சீலையும் கண்ணாடி முகப்பின் எதிரொலியைப் பெருமளவு அடக்கும்.

மூன்றாவது பன் பாய். கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் பெண்களின் கைகளில் தலைமுறை தலைமுறையாக இழைக்கப்பட்டு வருவது. தமிழ்நாட்டின் பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றுப் புகழடைந்திருப்பதை நாம் அறிவோம். பாய் மெல்லியது, சுவரோடு ஒட்டினால் அதிகம் பயன் தராது. தும்புத் தகட்டின் முகப்பாகவோ மேசைத் தட்டியாகவோ அமைத்தால் அழகும் பயனும் ஒருங்கே கிடைக்கும். பெண்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் என்பதும் கருத்திற்கொள்ளத்தக்கது.

கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள்

உள்ளூர்ப் பொருள் என்பதால் மட்டும் எதனையும் கண்மூடி ஏற்றுக்கொள்ள முடியாது. தும்பும் பருத்தியும் தீப்பற்றக் கூடியவை. போராக்ஸ், போரிக் அமிலம் போன்றவற்றால் தீத்தடுப்புச் செய்யாமல் அவற்றைப் பொதுக் கட்டடத்தின் கூரையில் பொருத்துவது ஆபத்தானது. பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காதவாறு பதப்படுத்த வேண்டும். கழற்றித் தூசு தட்டி மீண்டும் பொருத்தும் வகையில் தட்டிகள் அமைய வேண்டும்.

அத்துடன் அளவீடும் அவசியம். 'இத்தட்டி இத்தனை சதவீதம் உறிஞ்சும்' என்று எழுத்தில் கூற முடியாத பொருளை எந்தக் கட்டடக் கலைஞரும் தமது திட்டத்தில் சேர்க்கமாட்டார். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த, ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று பொறியியல் பீடமும் உள்ளது. குழாய் முறையில் ஓசை உறிஞ்சலை அளக்கும் கருவி பெரும் செலவுடையதன்று. மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வாகவே இதனைச் செய்யலாம். தீத்தடுப்பும் உறுதியும் குறித்த பரிசோதனைகளுக்குக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் உதவியை நாடலாம். நெசவாளரின் கையையும் பொறியியலாளரின் அளவுகோலையும் இணைக்க ஒரு முயற்சி வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியவை

பெரும் செலவின்றி இன்றே தொடங்கக்கூடிய சில வழிகளை அலுவலகப் பொறுப்பாளர்கள் கவனத்திற்கொள்வது நல்லது. முதலில் நாற்காலி, மேசைக் கால்களுக்கு இறப்பர்க் குமிழ் பொருத்துங்கள். குறைந்த செலவில் உராய்வோசை குறையும். அச்சுப்பொறி, பிரதி எடுக்கும் இயந்திரம் ஆகியவற்றை ஒரு மூலை அறைக்கு மாற்றுங்கள். அடுத்துக் கூரையையும் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றையும் உறிஞ்சும் தட்டிகளால் மூடுங்கள். வாசலில் நீண்ட தும்பு விரிப்பு இட்டால் மணல் அங்கேயே தங்கிவிடும். நடைபாதைகளில் மட்டும், எடுத்து உலர்த்தக்கூடிய தனி விரிப்புகளை இடுங்கள். முழுத் தரை விரிப்புக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பொதுமக்கள் தமது அந்தரங்கத்தைச் சொல்வதற்கான ஒரு சிறிய மூடிய அறையை அமையுங்கள்.

எமது சட்டங்களிலும் ஓர் இடைவெளி உள்ளது. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், ஓரிடத்திலிருந்து எல்லைக்கு வெளியே செல்லும் இரைச்சலையே கருத்திற்கொள்கின்றன. அலுவலகத்தின் உள்ளே எழுதுவினைஞர் நாள்முழுதும் கேட்கும் இரைச்சலும், கருமபீடத்தில் பொதுமகன் இழக்கும் அந்தரங்கமும் அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. புதிய அரச கட்டடங்களுக்கான திட்டங்களை அங்கீகரிக்கும்போதாவது, குளிரூட்டியின் வலுவையும் மின்குமிழ்களின் எண்ணிக்கையையும் குறிப்பது போல எதிரொலி நேரத்தையும் ஒரு நிபந்தனையாகக் குறிப்பிடுமாறு உள்ளூராட்சி மன்றங்களும் திணைக்களங்களும் கோரலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கேள்வி அறிவித்தலில் ஒரு வரி போதும்.

கல்முனையின் அலுவலகங்களுக்குத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்றே சேவை பெறுகின்றனர். தாழ்ந்த குரலில் தமது குறையைச் சொல்லவும், அது உரியவர் காதில் மட்டும் விழவும் வேண்டும் என்பது அனைவருக்கும் பொதுவான தேவை. அதனை நிறைவேற்றக் கடல் கடந்த நைலோனை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. தும்பு எமது நாட்டில் உண்டு. தறி மருதமுனையில் உண்டு. அளந்து சொல்லும் அறிவு ஒலுவிலில் உண்டு. அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன், அதன் திட்டவரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருப்பவர்கள் இம்மூன்றையும் ஒன்றாக அழைத்துப் பேச வேண்டும்.